அத்தை போட்ட எட்டு

எங்கள் அத்தை நர்ஸ். ஆத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது அவர் வேலை. காலை பஸ்ஸை விட்டுவிட்டால் அன்றைக்கு நடைதான். மாமாவோ வேடசந்தூர் மில்லுக்கு மில் பஸ்ஸிலேயே போய்விடுவார். அவருடைய மோட்டார் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு மட்டும் வெளியே வரும். அதை இனி நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று அத்தை சொன்னதும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் தெருப் பெண்கள் பைக்கின் பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்காருவார்கள். முன்னால் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை.

மாமாதான் சொல்லிக்கொடுத்தார். அத்தை நன்றாகவே ஓட்டினார். லைசென்சு வாங்கப் போன அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு வரைந்திருந்தது. கால் தரையில் படாமல் அதன்மேல் வண்டியை ஓட்ட வேண்டும். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

வரிசையில் நின்ற ஒருவர், "ஏந்தாயி, வீட்ல ஆம்பள இல்லையா?" என்றார்.

"இருக்காக. பின்னாடி உக்காந்து வருவாக," என்றார் அத்தை.

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், இரண்டாவது வளைவில் அத்தை காலை ஊன்றிவிட்டார்.

சோதிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். பக்கத்தில் நின்ற, கியர் இல்லாத சின்ன வண்டியைக் காட்டி, அதில் ஒரு சுற்று வந்தால் அதற்கு லைசென்சு எழுதித் தருவதாகச் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

"வேணாம் சார். நான் ஓட்டப்போறது இந்த வண்டி. இதுக்கு எழுதுறப்ப எழுதுங்க," என்று சொல்லி, அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்கிறாரே என்று வழியெல்லாம் எனக்குக் கோபம். அந்த மாதத்தில் இரண்டு நாள் பஸ்ஸை விட்டு, ஊசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தே போனார். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மறுபடி போனோம். அத்தை எட்டுப் போட்டார். கால் படவில்லை. அதிகாரி தாளில் எழுதிவிட்டு, போதும் என்று கை காட்டினார். அத்தை நிறுத்தவில்லை. இரண்டாவது எட்டு. மூன்றாவது. வரிசையில் நின்றவர்கள் வண்டி போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார்கள். நான் பதறிப்போய் மாமாவின் சட்டையை இழுத்தேன்.

"மாமா, அத்தைக்கு நிப்பாட்டத் தெரியல. போய்ப் பிடிங்க."

மாமா கையைக் கட்டிக்கொண்டு, அத்தையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். அவர் ஏன் அசையவே இல்லை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.