காமாட்சி அக்கா பேசாத வசனம்

ரங்கூன் கியாக்டடாவில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் கீழே ஓர் இன்டர்நெட் கடை இருக்கிறது. போன புதன்கிழமை மதியம் அங்கேதான் செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து காமாட்சி அக்காவின் மகள் எழுதியிருந்தாள்: "அம்மா ஞாயிறு காலையில் போய்விட்டார். உங்களுக்கு முதலில் சொல்லச் சொன்னார்." கூடவே அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பையும் அனுப்பியிருந்தாள். அக்கா நடித்த மேடை நாடகங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், சினிமாக்கள் என்று எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: பிறந்த ஊரான ரங்கூனில் அவர் ஒருமுறைகூட மேடையேறியதில்லை.

பொய். ஏறினார். நான் பக்கத்தில் நின்றேன்.

மறுநாளே கோயில் கமிட்டிக்குப் போனேன். மண்டபத்தில் ஒரு படம் வைப்போம், பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கலைந்துவிடுவோம் என்று கேட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மாவாலதான் பதினாலு வருசமா நமக்கு நாடகம் இல்லாமப் போச்சு. வெளிநாட்டுக்காரி வந்தா, வம்ப இழுத்து வுட்டா, ஏரோப்ளேன் ஏறிப் போயிட்டா. அவளுக்குப் படம் ஒரு கேடா?"

சரி. படம் வேண்டாம். இதை எழுதி, நகலெடுத்து, ஆளுக்கு ஒன்றாக உங்கள் கையில் கொடுக்கிறேன். அக்காவைத் தெரிந்தவர்கள் படியுங்கள். திட்டியவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள்.

அக்கா வெளிநாட்டுக்காரி இல்லை. இந்த ரங்கூனிலேயே, மிங்கலா தாங்ஞுன்டில் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா அஞ்சலை ஓர் ஆங்கிலோ பர்மியக் குடும்பத்துக்குச் சமையல் செய்தார். அந்தக் குடும்பம் பெர்த்துக்குப் பெயர்ந்தபோது சமையல்காரியையும் மகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது. அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. அங்கே பகலில் துணிக்கடையில் நின்றார், மாலையில் நாடகம் படித்தார். மேடைக்கு வந்ததும் பெயரைச் சுருக்கச் சொன்னார்களாம். "காமாட்சி வேலாயுதம்னு முழுசாப் போடுங்க. வாய் வலிச்சா வென்னி குடிங்க" என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்.

தொலைக்காட்சியில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம் ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் நர்ஸ். ஒரே காட்சி. காகிதத்தில் வெறுமனே 'இந்திய நர்ஸ்' என்று இருந்தது. இவளுக்குப் பெயர் என்ன என்று அக்கா கேட்டார். ஒரு நிமிஷம் வந்து போகிறவளுக்குப் பெயர் எதற்கு என்றார் இயக்குநர். அக்கா வாதாடவில்லை. மறுநாள் ஒரு வெள்ளை அட்டையில் 'அஞ்சலை' என்று ஆங்கிலத்தில் எழுதி, சட்டையில் குத்திக்கொண்டு போய் நின்றார். படம் பிடித்து ஒளிபரப்பும் ஆகிவிட்டது. அஞ்சலையை மறுபடி எப்போது காட்டுவீர்கள் என்று பார்த்தவர்கள் கடிதம் போட்டார்கள். அந்த நர்ஸ் ஆறு வருஷம் அந்தத் தொடரில் இருந்தாள். தன் சமையல்கார அம்மாவின் பெயரை ஒரு தேசமே உச்சரிக்கும்படி செய்தவரை வம்புக்காரி என்கிறீர்கள். ஆமாம், வம்புக்காரிதான்.

"பேரு இல்லாத பொம்பளையா நான் நடிக்கமாட்டேன். பேரு வையுங்க, வர்றேன்." இது அவர் அடிக்கடி சொல்வது. குறி சொல்பவள், கடைக்காரி, தரை துடைப்பவள் என்று வந்ததையெல்லாம் இப்படியே திருப்பி அனுப்பி, இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்திருக்கிறார். பிறகு சினிமாவில் கதாநாயகியாக அழைத்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், சுற்றுலா விசா எளிதாகக் கிடைத்த காலத்தில், அக்கா பிறந்த வீட்டைப் பார்க்க வந்தார். வீடு இல்லை. பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டிப் பார்த்தவர் உள்ளே வந்து உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அம்மா வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்தோம். "நான் செய்யவா?" என்றார். யாரென்று தெரியாமல், "முன்னப் பின்ன நடிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டது நான்தான். "கொஞ்சம்" என்றார்.

அந்தக் குழுவில் என் வேலை வசனம் எடுத்துக் கொடுப்பது. இன்னொன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. அதனால் தமிழ் வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் அதை வைத்து மனப்பாடம் செய்வார்கள். அக்காவும் பர்மியப் பள்ளியில் படித்தவர்தான். "எனக்கும் அப்படியே எழுதிக் குடு தங்கம். பெரிய நடிகைக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு வெளிய சொல்லிடாத" என்றார்.

கதை பழைய கப்பல் காலத்துக் கதை. நாகப்பட்டினத்திலிருந்து மகன் வருவான் என்று ஒரு தாய் துறைமுகத்தில் காத்திருக்கிறாள். கப்பல் வருகிறது, மகன் வரவில்லை. கப்பல் கம்பெனி குமாஸ்தாவிடம் அவள் கேட்கிறாள்: "எங்கய்யா எம் புள்ள?" நாடகத்துக்கு அரசாங்கத்தின் அனுமதி வாங்க பர்மிய மொழிபெயர்ப்பைக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது அந்த ஒரு வரியில் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. ஏன் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. எண்பத்தெட்டில் ஊர்வலங்களை ராணுவம் சுட்ட பிறகு இந்த ஊரில் எத்தனை வீட்டில் அந்தக் கேள்வி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் இருந்தது. என் அண்ணன் செல்வம் அந்த ஆகஸ்டில் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனான். இன்னும் வரவில்லை.

அக்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் சிவப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒத்திகைகளில் அந்த இடத்தைத் தாண்டி அடுத்த வரிக்கு ஒழுங்காகப் போய்விடுவார்.

வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்று உத்தரவு. மதியம் இரண்டு மணிக்குத் திரை தூக்கினோம். முன்வரிசையில் என் அம்மா. பக்கவாட்டில், நாற்காலி போட்டு, அனுமதி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் பிள்ளைகளுக்காகப் பர்மிய எழுத்தில் எழுதிய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். பொருள் புரியாவிட்டாலும் ஒரு சொல் கூடினால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வசதியைச் செய்து கொடுத்தவள் நானேதான், வேறு யார்!

கப்பல் காட்சி வந்தது. அக்கா குமாஸ்தா முன்னால் வந்தார். சிவப்புக் கோடு போட்ட இடத்தில் நின்றார். பேசவில்லை. அடுத்த வரிக்கும் போகவில்லை. குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மண்டபத்தில் விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நடிகர் நின்றால் வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும், எட்டு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எங்கய்யா எம் புள்ள?"

கிசுகிசுப்பாகச் சொல்லவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. என் அம்மா எழுந்து நின்றார். "அதான் கேக்குறாள்ல, பதில் சொல்லுங்களேன்!" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் எழுந்தார்கள். அதிகாரியின் விரல் தாளில் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

நாடகம் முடிந்ததும் அதிகாரி உள்ளே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மூணு வார்த்தை தாளில் இல்லை. யார் பேசியது?" என்று பர்மியத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா என் காலைத் தன் காலால் மிதித்தார். நல்ல மிதி.

"நான்தான் ஸயா. அம்மா வேசம் என்னோடது. என் வசனத்த வேற யாரு பேசுவா?"

மறுநாளே அக்காவை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அதன் பிறகு மூன்று முறை விசா கேட்டு எழுதினார், மூன்று முறையும் இல்லை என்றார்கள். எங்கள் குழுவுக்கும் அனுமதி நின்றது. நீங்கள் அவரைத் திட்டத் தொடங்கினீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயை மூடிக்கொண்டு. வெட்கமாக இருக்கிறது.

சில வருஷம் கழித்துத் தொலைபேசியில் அழுதேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா போட்ட அதட்டலில் அழுகை நின்றுவிட்டது. "மூடு வாய. எனக்குத் திரும்பிப் போக ஒரு ஊரு இருந்துச்சு. உன்னைப் புடிச்சிருந்தா? உங்கம்மா ரெண்டாவது புள்ளைக்கும் வாசல்ல உக்காந்திருப்பா. உங்கம்மா இருக்கிறவரைக்கும் நீ பேசக் கூடாது. நான் செத்தப்புறம் வேணும்னா சொல்லிக்க." இன்னொன்றும் கேட்டேன்: அன்று வேண்டுமென்றே நின்றீர்களா? "அடிச்ச வார்த்தைய நான் பேசல. ஆனா அந்த நேரத்த யாருக்கும் விட்டுக் குடுக்கமாட்டேன். நீ குறுக்க பூந்து கெடுத்துட்ட" என்றார். பிறகு, "நல்லாத்தான் பேசின. என்னைவிட நல்லா" என்றார்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வாரத்திலும் செருப்புச் சத்தம் கேட்டால் வாசலைப் பார்ப்பார். இப்போது அக்காவும் போய்விட்டார். இனி என்னைக் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் காத்திருக்க யாரும் இல்லை. எனவே கமிட்டித் தலைவர் அவர்களே, மற்றவர்களே, நன்றாகக் கேளுங்கள். அன்று பேசியது காமாட்சி வேலாயுதம் இல்லை. அவர் ஒரு வார்த்தையும் மீறவில்லை. பேசியது நான். பழக்கத்தில் வாய் திறந்தது உண்மை. ஆனால் கிசுகிசுப்பாகச் சொல்ல வேண்டியதை உரக்கச் சொன்னது பழக்கம் இல்லை.

அக்காவின் மகள் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறாள். அஞ்சலை என்று எழுதிய அந்த அட்டையாம். அது வந்து சேர்ந்தாலும் சேரும், வழியில் தொலைந்தாலும் தொலையும். அவரிடமிருந்து எனக்கு வர வேண்டியது அன்றைக்கே வந்துவிட்டது. பெயர் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்பார், ஆகையால் இதன் கீழே என் பெயரையும் அண்ணன் பெயரையும் முழுதாகப் போடுகிறேன். இந்தமுறை யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை, நானே கேட்கிறேன்.

எங்கய்யா எங்க அண்ணன்?

தங்கம் மாரிமுத்து
செல்வம் மாரிமுத்துவின் தங்கை
மிங்கலா தாங்ஞுன்ட்