துடைத்த அம்மன்

தங்கை நகப்பூச்சைத் துடைத்த அசிட்டோன் வாசனையில்தான், அன்று மியூசியத்துக்குப் பின்னால் இயங்கி, இன்று வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட சிலைப் பராமரிப்புக் கூடத்தின் கதையை எழுதத் தோன்றியது. பள்ளி விட்டதும் அங்கே போவேன். அங்கே வேலை பார்த்த அம்மா, இதே அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் சிலைகளை விரல்விரலாகத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், விராலிமலைப் பக்கத்து ஊரார் சுத்தம் செய்யக் கொடுத்திருந்த அம்மனைத் திரும்ப வாங்க வந்த பெரியவர் முகம் சுளித்தார்.

“எங்க ஆத்தா கறுப்புங்க. இது மினுங்குது. மாத்திப்புட்டீங்களா?”

“அழுக்கைத்தாங்க எடுத்தேன்,” என்றார் அம்மா.

“அழுக்கா? அது எங்க பாட்டன் காலத்து எண்ணெய்ங்க.”

சிலையை வாங்கிக்கொண்டு போன அந்த ஊருக்கு அம்மா இன்றும் அசலை மாற்றிவிட்ட சிலைத் திருடிதான். துடைப்பதற்கு முன் எடுத்த போட்டோவைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். எனக்கும் சந்தேகம் விழுந்துவிட்டது. பழைய நெகட்டிவ்களில் அந்தப் படத்தைத் தேடியெடுத்து, சிலையோடு வைத்துப் பார்க்க, அம்மாவிடம் சொல்லாமல் விராலிமலை பஸ் ஏறப் போகிறேன்.