சிரிக்காத சம்பந்தி

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், சாய்ந்தமருதிலிருந்து அட்டாளைச்சேனைக்கு ஒரு வேன் நிறையப் போனோம். என் மூத்த சகோதரியின் — எங்களுக்கு ராத்தா — மகனுக்குப் பெண் பார்க்க.

பெண்ணின் பெயர் ஸஜ்னா. பாலர் பாடசாலை ஆசிரியை. வாப்பா இல்லை, உம்மா ஹமீதா தையல் மெஷினை மிதித்து ஆளாக்கிய பிள்ளை. பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பிடிக்காமல் போனது உம்மாவைத்தான்.

ஹமீதா சிரிக்கவே இல்லை.

தலையில் போட்டிருந்த ஷோலால் வாயை மறைத்துக்கொண்டு ஸலாத்துக்குப் பதில் சொன்னார். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அடிக்கடி ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கு வட்டிலப்பமும் தேத்தண்ணியும் வந்தன... அவர் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை.

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிபோகிறார்? மாமியின் முகத்தில்தான் அவர் தினமும் விழிக்க வேண்டும்.

வேன் புறப்பட்டதுமே ராத்தா தொடங்கிவிட்டார். "இந்த முகத்தோடயா என்ட மகன் காலம் முழுக்க இரிக்கப் போறான்?"

"பெருமை ராத்தா. நம்மளோட தேத்தண்ணி குடிக்கவும் மனமில்ல."

இதைச் சொன்னது யார்? நான்தான். வாராவாரம் பத்திரிகையில் மனிதர்களைப் பற்றி எழுதுகிறவள் என்று என் பேச்சுக்கு வீட்டில் ஒரு மதிப்பு. நிந்தவூர் தாண்டுவதற்குள் முடிவாகிவிட்டது. மறுநாளே புரோக்கரிடம் 'சரிவராது' என்று சொல்லியனுப்பினோம்.

பத்து நாள் போயிருக்கும். தோள்பட்டை வலிக்காகப் பிசியோதெரபிக்குப் போனேன். உள்ளே ஒரு பெண் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற தெரபிஸ்ட் பிள்ளை, "கன்னத்த ஊதுங்க உம்மா... ஆ, இப்ப சிரிங்க" என்றாள்.

அவர் சிரித்தார். பாதி முகம் சிரித்தது. மற்றப் பாதி அசையவில்லை. மூட முடியாத இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

ஹமீதா!

கண்ணாடிக்குள் என்னைக் கண்டதும் ஷோலை இழுத்து வாயை மறைத்தார். அதே கை, அதே வேகம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்ப வந்த இது?"

"நீங்க வாறதுக்கு மூணு நாளைக்கு முன்னுக்கு. முகவாதமாம். வாய் கொப்புளிச்சா ஒரு பக்கத்தால வழியும். தேத்தண்ணியும் அப்பிடித்தான். உங்களுக்கு முன்னால எப்பிடிக் குடிக்கிற?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உம்மாக்கு வாய் கோணிட்டு எண்டா பரம்பரை நோய் எண்டுவாங்க. அந்தப் பேர் மகளுக்கு. பெருமைக்காரி எண்டா அது எனக்கு மட்டும்தானே?"

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவளே நான்.

ஒரு நரம்பு சோர்ந்துபோனால் மனிதரின் குணம் மாறிவிடுமா? ஊரின் கண்ணில் மாறிவிடுகிறது. வரவேற்பு, கூச்சம், மகளைப் பற்றிய பயம்... எல்லாம் அன்று அவருக்குள் இருந்தன. வெளியே வரத்தான் வழியில்லை. வெறுமையாகத் தெரிந்த அந்த முகத்தில் எங்கள் மனதில் இருந்ததை நாங்களே எழுதி, நாங்களே வாசித்துக்கொண்டோம்.

"ராத்தாட்ட சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க. இனி மறைச்சி என்ன?"

சொன்னேன். ராத்தா கேட்ட முதல் கேள்வி — "பரம்பரையா வருமா?" ஹமீதா பயந்தது சரிதான்! 'அப்படி இல்லை, பெரும்பாலும் குணமாகிவிடும்' என்று தெரபிஸ்ட் பிள்ளை சொன்னதைச் சொன்னதும் ராத்தா அழுதுவிட்டார். "நாளைக்கே போவம் புள்ள."

இந்த முறை நாங்கள் இருவர் மட்டும். ஹமீதா ஷோலை விலக்கிவிட்டு, கோணிய வாயோடு வரவேற்றார். ராத்தா அவரைக் கட்டிப்பிடித்து, "பிழையா நினைச்சிட்டம், மன்னிச்சிக்கங்க. புள்ளயத் தாங்க" என்றார்.

பதில் ஸஜ்னாவிடமிருந்து வந்தது.

"கோவிக்க வேணாம் மாமி. நீங்க வாறீங்க எண்டு உம்மா மூணு நாளாக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சிரிச்சிப் பழகினா. ஏலாமப் போச்சி. 'என்ன வருத்தம்' எண்டு உங்கள்ல ஒராள் கேட்டிருந்தாப் போதும். ஒருத்தரும் கேக்கல்ல. எனக்கு இது சரிவராது."

குரல் உயரவில்லை. கோபமும் இல்லை. ஹமீதா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். கெஞ்சும் முகம்கூட அவருக்குப் பாதிதான் வந்தது. ஸஜ்னா அசையவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது ராத்தா கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "அந்தப் புள்ள சொன்னது சரி" என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் இன்னும் பெண் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். போகிற வீடுகளில் ராத்தா முதலில் கேட்பது, "சுகமா இரிக்கீங்களா?"

எல்லோரும் கேட்பதுதான். ராத்தா இப்போது பதில் வரும்வரை காத்திருக்கிறார்.