பாலிஷ் போட்ட பேஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் பந்தல்காரர் என் முகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. டபுள் பேஸ் வாங்கப் போனது நான். அதை வாசிக்கத் தெரிந்ததும் நான். என் வீட்டுக்காரருக்குக் கிட்டாருக்கு எத்தனை கம்பி என்றுகூடத் தெரியாது. ஆனாலும் "சார், உக்காருங்க", "சார், இது நல்ல மரம்" என்று எல்லாமே சாருக்குத்தான். எனக்கு ஒரு டம்ளர் காபி மட்டும் வந்தது.

டபுள் பேஸ் என்பது ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்ட வயலின் மாதிரி இருக்கும். நின்றபடி அணைத்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். மதுரையில் கல்லூரியில் படித்தபோது மூன்று வருடம் வாசித்தேன். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பிறகு சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டாரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அது ஒயர் வழியாக வருகிற சத்தம். நான் ஏங்கியது மரத்திலிருந்து கிளம்பி வயிற்றில் இறங்குகிற சத்தத்துக்கு. இருபது வருடமாக ஏங்கினேன். பந்தல்காரரிடம் பழைய பேஸ் ஒன்று இருப்பதாக நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சொன்னதும், அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடம் வாங்கி, கல்யாண மேடைகளில் அழகுக்கு நிறுத்திக்கொண்டிருந்தாராம். மேல்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அடியில் ஒட்டு விட்டிருந்தது. தூக்கி நிறுத்தி, இருப்பதிலேயே தடித்த கம்பியை இழுத்தேன். கரகரப்போடுதான் வந்தது, ஆனால் வந்தது. மார்பில் மோதி அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே விலை பேசிப் பணம் கொடுத்தோம்; அடுத்த வாரம் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"பழுதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். மதுரையில வேலை தெரிஞ்சவுக இருக்காக, அங்க குடுத்து நான் பாத்துக்கிடுதேன். நீங்க எதையும் தொடாதீங்க," என்றேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. வாசலில் செருப்பு மாட்டும்போதும் சொன்னேன்.

"அதுக்கென்ன சார், அப்படியே இருக்கும்," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை லோடு ஆட்டோவோடு போனால், முன்னறையில் பளபளவென்று ஒன்று நிற்கிறது. உச்சியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் செவ்வந்தி மாலை. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, அது அவர் பிரியம். ஆனால் வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. கதவுக்குப் பாலிஷ் போடுகிறவரை வரவழைத்து, பழைய பூச்சைச் சுரண்டித் தள்ளி, மூன்று கோட்டிங் அடித்திருந்தார். விரிசல் நெடுக பித்தளை ஸ்க்ரூ. அதோடு விட்டாரா? சத்தம் வெளியே வருவதற்கென்றே மேல்பலகையில் நெளிநெளியாக இரண்டு துளைகள் இருக்கும். அந்த இரண்டையும் ப்ளைவுட் வெட்டி வைத்து அடைத்திருந்தார்.

"அதுக்குள்ள எலி போயிருதுல்லா சார்," என்றார். "ஒரு பொருளக் கைமாத்தும்போது மூளியாக் குடுக்கப்பிடாது. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கெடையாது."

"எதையும் தொடாதீங்கன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்? காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "என்ன சார் இது, உங்கள்ட்ட போன்ல கேட்டுட்டுத்தான செஞ்சேன்?"

நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலிஷ் போட்டுரட்டுமான்னு கேட்டாரு. நல்லதுதானன்னு சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"நீ அப்ப ஸ்கூல்ல இருந்த."

ஸ்கூலில்தானே இருந்தேன், நிலாவிலா இருந்தேன்? தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவருக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன்? பந்தல்காரருக்குத் தெரியாது, தெரியாமல் செய்தார். நான் எதற்கு ஏங்கினேன் என்று ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் இவர். இவரை என்ன சொல்வது?

அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனசு வரவில்லை. ஆட்டோவில் ஏற்றினோம்.

"நீ முன்னால உக்காரு. நான் பின்னால இதப் பிடிச்சுக்கிட்டு வாரேன்," என்றார் வீட்டுக்காரர். நானே பின்னால் ஏறினேன். ராஜபாளையம் வரைக்கும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இறக்கியதும் ஸ்க்ரூ டிரைவரால் ப்ளைவுட்டை நெம்பி எடுத்தேன். "நான் எடுக்கட்டுமா?" என்றார். "வேண்டாம்," என்றேன். அந்தத் தடித்த கம்பியை இழுத்தேன். கரகரப்பு போயிருந்தது. கூடவே மற்றதும் போயிருந்தது. அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல ஒரு சத்தம். வயிற்றுக்கு ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். அதே சத்தம்.

அப்போது வீட்டுக்காரரின் போன் அடித்தது. பந்தல்காரர். பேஸ் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார். எடுத்தவர் என்ன நினைத்தாரோ, "அவகிட்டயே கேளுங்க," என்று ஸ்பீக்கரில் போட்டு என் கையில் தந்தார்.

"நல்லா இல்ல," என்றேன். "சத்தமே செத்துப்போச்சு. கேளுங்க." போனைப் பக்கத்தில் வைத்துக் கம்பியை இழுத்தேன்.

"நல்லாத்தான கேக்கு!" என்றார். "கொஞ்சம் சார்ட்ட குடுங்கம்மா."

கொடுத்தேன். "நல்லா இல்லன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவருக்குக் கேக்கும்," என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இல்லண்ணே," என்றார்.

"அய்யய்யோ, அப்படியா சார்!" என்று அந்தப் பக்கம் பதறியது.