சாப்பாட்டு மேஜையில் கடைப் பேச்சு

குடும்பமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர் வேலை. வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘சமாதானம் டீச்சர்’. அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய இரும்புக் கடையில் பதினோரு வருஷம் பில் போட்டவர். கடை இரண்டாகி, அண்ணன் தம்பி முகம் பார்ப்பதும் நின்றபோது, இருவருக்கும் நடுவே தூது போய்ப் போய்ப் பழகிக்கொண்ட தொழில் இது.

எங்கள் ஊரின் முதல் எம்.பி.ஏ. நான். அவரோடு இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அப்பா, இரண்டு மகன்கள், மூத்த மருமகள் என்று சேர்ந்து நடத்தும் ஒரு பேக்கரி எங்களைக் கூப்பிட்டபோது, நான் வரைபடமெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். டீச்சர் அதைப் பார்க்கவில்லை. “புது அடுப்பு ஏன் உள்ள போகல?” என்றுதான் கேட்டார்.

பின்வாசலைவிட அடுப்பு நாலு விரல் அகலம் கூட. சுவரை இடித்து உள்ளே ஏற்றும்வரை மூன்று நாள் ரொட்டி இல்லை.

“போன வருஷமே வாசல அளந்து வெச்சிருந்தேன்,” என்றார் கொள்முதலைக் கவனிக்கும் மூத்த மருமகள்.

“அப்ப வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே?” என்றார் மாமனார்.

“சாப்பிடும்போது முடிவு பண்ணீங்க மாமா. நான் அடுக்களைக்கும் மேஜைக்கும் நடந்துட்டு இருந்தேன்.”

மருமகளுக்கு வேறொரு பேக்கரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் போனால் மாவும் வெண்ணெயும் எங்கிருந்து வருகிறது என்றே இங்கே யாருக்கும் தெரியாது.

இனி கடைப் பேச்சு கடையில்தான், தினமும் பத்து மணிக்கு, எல்லோரும் உட்கார்ந்து, என்றார் டீச்சர். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் மாமனார், “அதான் சாப்பிடும்போதே பேசி முடிச்சாச்சே, மறுபடி எதுக்கு?” என்று எழுந்துவிட்டார். மருமகள் பேனாவை மூடி வைத்தார்.

“என் தப்புதான்,” என்றார் டீச்சர். “இவருக்குப் பசிச்சாதான் பேச்சு வருது. அத நான் மாத்த முடியாது. பாத்திரமெல்லாம் மேஜைக்கு வரட்டும். அவங்கவங்களே போட்டுக்கட்டும், எல்லாரும் உக்காருங்க.”

“எனக்கு நானே போட்டுக்கிட்டுப் பழக்கம் இல்லம்மா,” என்றார் மாமனார்.

“தினம் ஆயிரம் ரொட்டிக்கு அளவு சொல்றீங்க, உங்க தட்டுக்குச் சொல்லத் தெரியாதா?”

இளைய மகன் சிரிப்பை அடக்கப் பார்த்து, புரையேறி இருமினான்.

வியாழக்கிழமை மதியம் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மருமகள் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். தண்ணீர் தீர்ந்தபோது எழப் பார்த்தவரை டீச்சர் ஒரு பார்வையில் நிறுத்தினார். அவர் கணவன், மூத்தவன், போய்க் கொண்டுவந்தான்.

மாமனார் கரண்டியோடு போராடிக்கொண்டே ஆரம்பித்தார். “மாவுக்காரன மாத்திடலாம்னு பாக்கறேன். சந்தைக்கடைக்காரன் விலை குறைச்சுத் தரான்.”

“வேணாம் மாமா.” மருமகளின் வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டுச் சொன்னார்: “மழை பெஞ்சா ஈர மாவ தள்ளி விடுவான். போன மழைக்கு அவன்கிட்ட வாங்கிப் பாத்தேன்.”

மாமனாரின் கரண்டியிலிருந்து குழம்பு மேஜை விரிப்பில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“எத்தன மூட்டை ஈரமா வந்துச்சு?”

“பத்துக்கு மூணு.”

“ம்,” என்றார். பிறகு, “வேற யாரு இருக்கா, நீயே சொல்லு.”

மறுநாள், வேலை தருவதாகச் சொன்ன பேக்கரிக்குப் போன் செய்து, இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார் மருமகள். பிறகு மாமனாரிடம் வந்து, “ஆறு மாசம் பாக்கறேன் மாமா,” என்றார்.