பெட்டிக்குள் போன சாவி

மகளுக்குப் பிரசவம் பார்க்க சிங்கப்பூர் போய்த் திரும்பியபோது, என் பெட்டி மட்டும் சென்னைக்கு வந்து சேரவில்லை. ஏர்போர்ட் பெல்ட்டில் யார் யாருடைய மூட்டையோ சுற்றிச் சுற்றி வந்தது. கண் பூத்துப்போக நின்றேன். கிடைத்ததும் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். எந்த வீட்டுக்கு? திண்டிவனத்தில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி அந்தப் பெட்டிக்குள்தான். கையில் வைத்திருந்தால் சோதனை மிஷின் கத்தும், நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, ஜாக்கெட்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விழுப்புரத்தில் மகன் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அவனுக்கு வாயெல்லாம் பல். என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து, திண்டிவனம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி நச்சரித்துக்கொண்டிருந்தான். நான் பிடிகொடுக்கவே இல்லை.

"பூட்ட ஒடைச்சிட்டு நான் வூட்டுக்குப் போறேன்டா," என்றேன்.

"கதவு வீணாப்பூடும்மா. பெட்டி வர்ற வரைக்கும் இங்கியே இருந்துக்கினா என்னா? உனக்கு என்னா கொறை?"

ஒரு குறையும் இல்லை. அதுதான் கொடுமை. சமையலறைப் பக்கம் போனால் மருமகள், "நீங்க போய் உக்காருங்க அத்தை," என்பாள். உட்கார்ந்தேன். என் புடவையெல்லாம் பெட்டியோடு போனதால் அவளுடைய நைட்டியில் உட்கார்ந்தேன். கட்டிவந்த ஒரே புடவையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு. "திண்டிவனம், திண்டிவனம்" என்று கண்டக்டர்கள் கூவுவது மாடிக்குக் கேட்கும். எரிச்சல் எரிச்சலாக வரும். என் வீட்டில் பழைய சோறென்றாலும் நான் நினைத்த நேரத்துக்குத் தின்பேன்.

பதினோராம் நாள் காலையில், இருவரும் வேலைக்குப் போன பிறகு பெட்டி வந்தது. ஒரு சக்கரம் உடைந்திருந்தது, போகட்டும். கையைவிட்டுத் துழாவினேன். ஜாக்கெட்டுக்குள் சாவி இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மகனுக்குச் சொன்னால், "ஞாயித்துக்கெழம நானே கொண்டாந்து வுடறேன்," என்பான். அந்த ஞாயிறு வரவே வராது. மகன் வீட்டுக் கதவைப் பூட்டி, அந்தச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மூச்சே லேசாக வந்தது.

என் வாசலில் நின்று சாவியை நுழைத்தேன். நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பிறகுதான் பூட்டைச் சரியாகப் பார்த்தேன். பளபளவென்று புதுப்பூட்டு.

எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள். "எப்பக்கா வந்தீங்க? உங்க புள்ள போன வாரமே ஆள இட்டாந்து பழைய பூட்ட ஒடைச்சி, இத மாட்டிட்டுப் போனாரே. வாடகைக்கு ஒரு குடும்பம் வந்து பாத்துட்டுப் போச்சு. உங்களுக்குச் சொல்லலியா?"

அதற்குள் போன் அடித்தது. அவன்தான்.

"எங்கம்மா போயிட்ட? கீழ்வூட்ல சாவி குடுத்துட்டுப் போனியாமே?"

"என் வூட்லதான்டா இருக்கேன்," என்றேன்.

என் கையில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய கதவுக்கு வெளியே வெயிலில் நின்றேன்.