முழங்காலுக்கு அளவெடுத்துச் செய்த பலகை

அவள் வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் அவளைப் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பொய்ப்பல் செய்யும் கூடம் அது. “பல்லக்கா வந்தாச்சு, பல்லக்கு எங்க?” என்று வரவேற்பு மேசைக்காரர் தினமும் காலையில் கேட்பார். பத்தொன்பது வருஷமாக அதே நகைச்சுவை. பாவம், மனுஷன் ஆசையாகச் சொல்கிறாரே என்று அவளும் பத்தொன்பது வருஷமாகச் சிரித்துவைத்தாள்.

பல் போனால் சொல் போகும் என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் அவள் பிழைப்பு. யாரோ ஒருவருடைய வாயின் அச்சு, பிளாஸ்டர் மாவில் வார்த்து இறுகிய கட்டியாக, அவள் மேசைக்கு வரும். மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாக அடுக்கி, பித்தளைப் பெட்டிக்குள் வைத்து அழுத்தி, வேகவைத்து, மெல்ல ஆறவிட்டு எடுப்பாள். ஆறுவதற்குள் திறந்தால் பல்செட் கோணிவிடும். கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடமே, “ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுங்க” என்பதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மழை விட்டிருந்த ஒரு மாலையில், கணவரின் ஸ்கூட்டர் வளைவில் வழுக்கியது. ஓட்டியவர் அவர். அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய வலது முழங்கால் வண்டிக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு அந்தக் கால் நேராக நிற்கும், நடக்கும். ஆனால் மடக்கச் சொன்னால், ஆணி தட்டும் கதவுபோலக் கொஞ்சம் மடங்கும், பிறகு அசையாது. சைக்கிள் மிதிக்க முடியாது. ஓட முடியாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றி இறக்குவது அவர் கைவண்ணம். விபத்துக்குப் பிறகு ஸ்கூட்டரை விற்றுவிட்டார். எந்த வண்டியையும் தொடவில்லை. அதைப்பற்றிப் பேசவும் இல்லை. பேசாத பேச்சையெல்லாம் வேலையாகச் செய்தார். கீழே விழுந்த ஸ்பூனை அவள் குனிவதற்குள் எடுத்துவிடுவார். அவள் எழுந்திருக்க நினைத்தால் கை நீண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரப் பாதையில் அவளை நடக்க அழைத்துப் போவார். டாக்டர் சொன்ன தூரம் வந்ததும், “போதும்மா, திரும்பலாம்” என்பார். இரண்டாவது பாலம். ஆறு வருஷமாக இரண்டாவது பாலம்.

அந்தப் பாலத்தடியில்தான் அவள் முதலில் அதைப் பார்த்தாள். தலை நரைத்த ஒரு பெண், நீளமான சக்கரப் பலகை ஒன்றின் மேல் நின்றபடி வந்தாள். ஒரு காலால் தரையை நீளமாக ஒரு இழுப்பு, பிறகு கொஞ்ச தூரம் சும்மா மிதப்பு, மறுபடி ஒரு இழுப்பு. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. முதுகில் பை இருந்தது. வெகுதூரம் போகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

“என்னங்க, அந்தம்மா எங்க போறாங்க?”

“பாதை முடியிற இடத்துக்கா இருக்கும். கலங்கரை விளக்கம். நாப்பத்திரண்டு கிலோமீட்டர்” என்றார் அவர், நாற்பத்திரண்டு என்பது நிலாவுக்குப் போகும் தூரம் மாதிரி.

அடுத்த சனிக்கிழமை, வேலை முடிந்து, அவள் தனியாகச் சக்கரப் பலகைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நல்ல மனிதர். இருந்ததிலேயே தாழ்வான பலகையை எடுத்துப் போட்டு, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வலது காலில் நின்றுகொண்டு இடது காலைக் கீழே இறக்கினாள். கால் தரையைத் தொடவில்லை. தொட வேண்டுமானால் நிற்கிற கால் இன்னும் மடங்கியாக வேண்டும். அது மடங்குவேனா என்றது.

“இன்னும் மூணு விரல் கீழ இருந்தா எட்டும்” என்றார் கடைக்காரர், வருத்தத்தோடு. “ஆனா அவ்வளவு தாழ்வா யாரும் செய்றதில்லக்கா. தரைய முட்டிரும்.”

“நல்ல காலுல நின்னு, இந்தக் காலால தள்ளினா?”

“கொஞ்ச தூரம் போகலாம். நெடுந்தூரம்னா ரெண்டு காலும் மாத்தி மாத்தி நிக்கணும். ஒத்தக் கால் தாங்காது.”

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்திருப்பார்கள். அவளுக்கோ, ‘யாரும் செய்றதில்ல’ என்ற சொல் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகச் செய்துகொடுப்பவள் அவள். எவருடைய பல்லும் கடையில் தொங்குவதில்லையே.

வீட்டில் சமையலறைத் தரையில் பழைய புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வலது காலில் நின்றாள். ஒவ்வொரு புத்தகமாக உருவிக்கொண்டே வந்தாள். இடது பாதம் முழுசாகத் தரையில் படிந்த இடத்தில் நிறுத்தி, அடுக்கின் உயரத்தை அளந்தாள். மூன்று விரற்கடை. சக்கரத்தின் தலையே அதைவிட உயரம். ஆக, பலகையின் இரண்டு முனைகளும் மேலே இருக்க வேண்டும். அவற்றில் துளை வெட்டிச் சக்கர அச்சுகளைப் பொருத்த வேண்டும். நடுப்பகுதி ஒரு தொட்டில்போலக் கீழே தொங்க வேண்டும். தரைக்கும் பலகைக்கும் நடுவில், தீப்பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தும் இடம்தான் மிஞ்சும்.

கூடத்து முதலாளியம்மா தேதி கடந்த பிளாஸ்டர் மாவு மூட்டைகளை அவளுக்குக் கொடுத்தார். “யாருக்கு இவ்வளவு பெரிய வாய்?” என்று கேட்டார். வீட்டுப் பின்கட்டில் அவள் ஒரு அச்சு வார்த்தாள். கீழ்ப்பாதி ஒன்று, மேல்பாதி ஒன்று. கீழ்த்தாடையும் மேல்தாடையும்போல இரண்டும் பொருந்திக் கடித்தன. ஐந்து மெல்லிய பலகைத் தகடுகளைச் சூடான ஈரத்துணியில் சுற்றி வளைத்து, காயவைத்து, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாடைக்குள் வைத்தாள். மேலே பாரத்துக்குத் தண்ணீர் வாளிகள், மணல் பைகள், கணவரின் பழைய கருவிப் பெட்டி.

கணவர் வாசலில் நின்று பார்த்தார். எதற்கு என்று தெரியும். கருவிப் பெட்டியை மட்டும், “அது எனக்கு வேணும்” என்று எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம்வரை அதைத் தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்னவளுக்கு மறுநாள் காலையிலேயே கை துறுதுறுத்தது. திறந்துவிட்டாள். பலகை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓரம் இழைத்து, மேலே சொரசொரப்புத் தாள் ஒட்டி, கடையிலிருந்து வாங்கிய பெரிய மென்மையான சக்கரங்களைப் பூட்டி, மூன்று நாள் தெருக்கோடிவரை போய்ப் பழகினாள். இடது கால் தரையைத் தொட்டது. வலது முட்டி ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள், உள்ளே சரியாகக் காயாத பசை விட்டுக்கொடுத்தது. பலகையின் வயிறு தொங்கி, பாதைக் கற்களின் இடுக்கில் முட்டி நின்றது. பலகை நின்றது, அவள் நிற்கவில்லை.

உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டன. வீட்டில் மறைத்துத்தான் பார்த்தாள். பாத்திரத் துணியைப் பிழிய முடியாமல் அவள் முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார். கையைத் திருப்பினார். மருந்து எடுத்துவந்து, குனிந்து, ஒவ்வொரு விரலாகத் தடவினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“போதும். இதோட விட்டுரு.”

“தப்பு என்னோடது. பசை காயறதுக்கு முன்னாடி தெறந்துட்டேன்.”

“பசையப் பத்திப் பேசல. உன்னைப் பத்திப் பேசறேன். மறுபடி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா…”

“ஆச்சுன்னா அது நான் விழுந்ததா இருக்கும். நீங்க தள்ளினதா இருக்காது.”

அவர் மருந்துக் குப்பியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினார்.

“அன்னிக்கு ரோட்டுல எண்ணெய் கொட்டிக் கெடந்துது. நானே ஓட்டியிருந்தாலும் வழுக்கியிருக்கும்” என்றாள் அவள். “ஆறு வருஷமா என் முட்டிய நீங்கதான் சுமந்துக்கிட்டுத் திரியறீங்க. கொஞ்சம் எறக்கி வைங்க. அது என்னோடது.”

அன்று சாயங்காலம் முழுவதும் அவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் இல்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

ஒரு வாரம் போயிற்று. ஒரு காலையில் பின்கட்டில் ‘தொம்’, ‘தொம்’ என்று சத்தம். போய்ப் பார்த்தால், அவள் புதிதாகத் தகடு அடுக்கியிருந்த அச்சுக்குப் பக்கத்தில் அவர் நாலு இரும்புக் கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கழற்றிப் போட்ட பழைய லிஃப்டில், பெட்டிக்கு ஈடாக மறுபக்கம் தொங்கிய எதிர்ப்பாரக் கட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம்.

“வாளிய வெச்சா ஒரு பக்கம் சாயும். இது சாயாது” என்றார், மூச்சு வாங்கியபடி. “எப்ப தெறக்கணும்?”

“நாளைக்குச் சாயங்காலம்.”

“நாளன்னைக்கு” என்றார் அவர். சொன்னபடியே இரண்டு நாளும் அவளை அந்தப் பக்கம் விடவில்லை. இரண்டாவது பலகை இப்படிப் பிறந்தது: ஆறு தகடு, நடுவில் உள்ள இரண்டு மட்டும் மரநார் குறுக்காக ஓடும்படி. தயாரானதும் அவள் ஏறப் போனாள். அவர் தடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தானே ஏறி நின்றார். சக்கரம் உள்ள ஒன்றின் மேல் ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் கால் பட்டது அன்றுதான். லேசாக எம்பி எம்பிக் குதித்தார்.

“குனிஞ்சு பாரு. தீப்பெட்டி நிக்குதா?”

அவளால் குனிந்து பார்க்க முடியாது. தரையில் காலை நீட்டிப் படுத்து, தீப்பெட்டியை நிறுத்திப் பார்த்தாள். “நிக்குது.”

“என் பாரத்தைத் தாங்குனா உன்னைத் தாங்கும்” என்று இறங்கினார். அவள் படுத்தபடியே சிரித்தாள். எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நாலு மாதம் பழகினாள். இரண்டாவது பாலத்தைத் தாண்டி மூன்றாவது, ஐந்தாவது, பத்து கிலோமீட்டர், பதினெட்டு. பிறகு ஒரு ஞாயிறு விடியற்காலையில் கலங்கரை விளக்கத்துக்குக் கிளம்பினாள். ஏற்பாடு இது: அவர் ரயிலில் முன்னால் போய் முடிவில் காத்திருக்க வேண்டும். நடுவில் எந்தப் பாலத்திலும் ஒளிந்து நிற்கக்கூடாது. அவளாகக் கூப்பிடும்வரை போன் செய்யக்கூடாது. “சத்தியமா?” என்று கேட்டாள். “சத்தியமா” என்றார், விஷம் குடிக்கிறவர்போல.

முதல் பதினைந்து கிலோமீட்டர் தண்ணீர் குடிக்கிற மாதிரி போயிற்று. இருபது இழுப்புக்கு ஒருமுறை கால் மாற்றிக்கொண்டாள். நாயோடு நடந்த ஒருவர், “என்னம்மா இது, படகா?” என்று கேட்டார். “தொட்டில்” என்று சொல்லிவிட்டுத் தாண்டினாள். இருபத்தைந்தாவது கிலோமீட்டர் கல்லில் எதிர்க்காற்று. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வலது இல்லை, இடது! பழுதான காலுக்கு இரக்கப்பட்டு, தன்னையறியாமல் நல்ல காலின் மேலேயே அதிக நேரம் நின்றிருக்கிறாள். புல்லில் உட்கார்ந்து நீவிவிட்டாள். இனி வலது காலுக்கும் அதன் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அது முனகியது; ஆனால் செய்தது.

முப்பத்துமூன்றாவது கல் தாண்டியதும், எதிரில் ஒருவர் நடந்து வருவது தெரிந்தது. கருவிப் பை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிய நடை. அவளுக்கு அடையாளம் காணக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

“இங்க என்ன பண்றீங்க?”

“சும்மாதான். உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு. ரெண்டு எட்டு நடக்கலாம்னு…”

“ரெண்டு எட்டா? ஒம்பது கிலோமீட்டர்!”

“எந்தப் பாலத்துலயும் நிக்கல. போனும் பண்ணல” என்றார் அவர், வக்கீல் மாதிரி.

அவள் முகத்தையும் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். இறங்கிவிடு என்ற சொல் அவர் தொண்டைவரை வந்ததை அவள் பார்த்தாள். அவர் அதை விழுங்கினார்.

“நீ போ” என்றார். “நான் பின்னால நடந்து வரேன்.”

கல்யாணமான இருபத்துமூன்று வருஷத்தில் அவர் சொன்னதிலேயே அருமையான வார்த்தை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. போனாள்.

கலங்கரை விளக்கத்தடியில் பாதை ஒரு தாழ்ந்த கடல்சுவரில் போய் முடிந்தது. வேறு ஒன்றும் இல்லை. நாலு படகு, ஒரு பெஞ்சு, மூடிக் கிடந்த ஒரு கடை. பலகையைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள், சந்தோஷத்தில்தான். பிறகு காத்திருந்தாள். பாதையில் வரும் ஒவ்வொரு தலையும் அவர்போலவே தெரிந்து, கிட்ட வந்ததும் வேறு யாராகவோ ஆயிற்று. வெயில் ஏறிவிட்டதே, தொப்பி வைத்திருந்தாரா? அந்தச் செருப்பு நடைக்கு ஆகாதே. போனை இரண்டு தரம் கையில் எடுத்து வைத்தாள். ஆறு வருஷம் இந்த மனுஷர் இப்படித்தான் இருந்தாரா என்று அப்போதுதான் தோன்றியது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அவர் வந்து சேர்ந்தார். செருப்பு கையில். குதிகால் இரண்டும் கொப்புளம்.

“போன் பண்ணியிருக்கலாம்ல?” என்றாள்.

“நீதானே பண்ணக்கூடாதுன்னே.”

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். வலது காலை நீட்டிக்கொண்டு எதிரில் தரையில் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கடல் நீரில் நனைத்துக் குதிகாலைத் துடைத்தாள். உப்பு பட்டதும் “அம்மா!” என்று கத்தினார். படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

அவளுடைய முழங்கால் அன்று மடங்கிய அளவுக்குத்தான் இன்றும் மடங்குகிறது. டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்றார். அவள் அதை எதிர்பார்த்திருக்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு காலை, பையை மாட்டிக்கொண்டு, பலகையை அக்குளில் இடுக்கியபடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் குப்புறப் படுத்து, வாயைத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.